சாத்திரம் கட்டாத கூடம்

பந்தல் போட்டிருப்பர். பந்தற்காலிலே மாவிலை, தரையிலே கோலம், நடுவே ஒரு குழி. குழியிலே பால், பாலிலே நவதானியம், அதன்மேல் மஞ்சள் பூசிய செங்கல். புரோகிதர் பொழுது பார்ப்பார். பெரிய மனிதர்கள் கைகட்டி நிற்பர். இராகு காலம் கழிந்த பின்னரே கொத்துக் கரண்டி கையிலேறும்.

எங்கே இது? கோயில் திருப்பணியா? மடம் எழுப்பும் விழாவா? இல்லை, தோழர்களே! உயிரியல் ஆராய்ச்சிக்கென்று பல்கலைக் கழகம் ஒன்று எழுப்பப் போகும் கூடத்துக்குக் கால்கோள்! உயிரணுவின் உள்ளே புகுந்து பார்க்கப் போகிறவர்கள், கிருமியைப் பயிரிட்டு அதன் குணம் அறியப் போகிறவர்கள், நோயின் வேர் எது என்று தேடப் போகிறவர்கள் - அவர்கள் குடிபுகும் இடத்துக்கு நாள் குறித்துத் தருவது யார்? பஞ்சாங்கம்! இத்தகைய காட்சியைக் கண்டிராத இளைஞர் இந்நாட்டிலே எத்தனை பேர்? அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் அரசியல் சட்டத்திலே எழுதி வைத்தது. ஏட்டிலே சட்டம், குழியிலே நவதானியம்!

மனையடி சாத்திரம் கூறுகிறது: தென்கிழக்கு அக்கினி மூலை, அடுப்பு அங்கே இருக்கட்டும், வடகிழக்கு ஈசானிய மூலை, நீர் அங்கே நிற்கட்டும். நன்று. நாம் கேட்கிறோம்: காசநோய்க் கிருமியை வளர்க்கும் அறையின் காற்று எந்த மூலை வழியே வெளியேற வேண்டும்? தெருவிலே பாரவண்டி போனால் நுண்ணோக்கியின் படம் நடுங்கிக் கலைகிறதே, அதற்குப் பரிகாரம் எந்த ஏட்டிலே உளது? நஞ்சு கலந்த நீரை ஊர்ச் சாக்கடையிலே விடலாமா, கூடாதா? சாத்திரம் வாய் திறவாது. திறக்க இயலாது. ஏனெனில், சாத்திரம் என்பது கேள்வி பிறக்கு முன்பே எழுதி முடித்துவிட்ட விடை. ஆராய்ச்சி என்பதோ, விடை கிடைத்த பிறகும் ஓயாத கேள்வி. இரண்டும் ஒரு கூரையின் கீழே எங்ஙனம் குடியிருக்கும்?

ஆகவே நாம் சாத்திரத்தை ஒருபுறம் வைப்போம். உயிரியல் ஆய்வுக்கூடங்கள் உலகிலே எவ்வாறு எழும்பின, எழுப்பியோர் யாரைக் கேட்டு எழுப்பினர், எங்கே தவறினர், தவறு கண்டபோது என் செய்தனர் என்ற வரலாற்றைப் பார்ப்போம். அந்த வரலாற்றிலே நமக்குப் பாடம் உண்டு.

* * *

1824-ஆம் ஆண்டு. ஜெர்மனியிலே கீசன் என்னும் சிறு நகர். அங்குள்ள பல்கலைக் கழகத்துக்கு யூஸ்டஸ் லீபிக் என்னும் இருபத்தொரு வயது இளைஞர் வேதியியல் ஆசானாக வந்து சேர்ந்தார். ஆய்வு செய்ய இடம் கேட்டார். படைவீடு ஒன்றின் காவற்கூடம் கிடைத்தது. மாளிகை அன்று, மண்டபம் அன்று; காவலர் உலவிய கட்டிடம்! அந்தக் கூடத்திலேதான் ஒரு புரட்சி நடந்தது. அதற்கு முன் ஆசான் செய்து காட்டுவார், மாணவர் பார்த்திருப்பர். லீபிக் மாணவர் கையிலேயே குடுவையைக் கொடுத்தார். நீயே செய், நீயே பார், நீயே அறி என்றார். குருவின் வாயைப் பார்த்து நிற்கும் பழக்கம் போயிற்று. நாடு பல கடந்து மாணவர் வந்தனர். கூடம் பெருகிற்று.

கூடம் பெருகியதும் தொல்லை பெருகிற்று. அமிலப் புகையும் நச்சாவியும் கண்ணைக் கரித்தன, மார்பை அடைத்தன. சாளரத்தைத் திறந்து வைப்பதோடு நில்லாது, புகையைக் குழல் வழியே கூரைக்கு மேலே கொண்டுபோகும் வழி தேட நேர்ந்தது. வேதியியலார்க்கு வந்த அந்தத் தேவை, உயிரியலார்க்கும் வந்தது. கிருமி என்னும் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளியைக் கண்டறிந்த பிறகு பன்மடங்காயிற்று.

இங்கே சற்று நின்று, ஆய்வுக்கூடம் என்பது என்னவென்று தெளிந்து கொள்வோம். பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் உள்ள காற்றிலே பெரும்பகுதியை மீண்டும் மீண்டும் சுழல விடலாம். நஞ்சும் கிருமியும் புழங்கும் அறையிலே அது கூடாது. உள்ளே வந்த காற்று, வெளியே போயாக வேண்டும். கொடிய கிருமியைக் கையாளும் அறையிலே காற்றழுத்தத்தை வெளிக்கூடத்தைவிடக் குறைத்தே வைப்பர். ஏன்? கதவு திறந்தால், வெளிக்காற்று உள்ளே பாயும். உள்காற்று வெளியே வாராது. அழுத்தம் என்னும் எளிய இயற்பியல் விதி, வாயிற்காவலனாக நிற்கிறது! இதற்காகவே ஆய்வுக்கூடத்திலே குழலும் குழாயும் விசிறியும் பேரிடத்தைக் கைப்பற்றிக் கொள்கின்றன. எரிவாயுவுக்கு ஒரு குழாய், தூய நீருக்கு ஒன்று, கழிவுக்கு ஒன்று, வெற்றிடத்துக்கு ஒன்று, மின்கம்பி வேறு. மனித உடலுக்குள்ளே நரம்பும் நாளமும் ஓடுவது போன்று, சுவருக்குள்ளே இவை ஓடுகின்றன. தோலை மட்டும் பார்த்து அழகு என்போர், உள்ளே ஓடுவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆனால் உயிர் இருப்பது உள்ளே ஓடுவதில்!

* * *

காற்றுக்கு வழி காண்பது எளிது. மனிதனுக்கு வழி விடுவதுதான் அரிது!

1951-ஆம் ஆண்டு சனவரித் திங்கள். இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் உயிரியற்பியல் பிரிவுக்கு ரோசலிண்ட் பிராங்க்ளின் என்னும் அம்மையார் வந்து சேர்ந்தார். எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பொருளின் உள்ளமைப்பைப் படமெடுப்பதில் தேர்ந்த கை. பாரிசிலே பழகி வந்த கலை. அவர் முன்னாளில் படித்ததோ கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம். ஆடவர்க்கு நிகரான முழுப் பட்டத்தைப் பெண்டிர்க்கு வழங்க அப்பல்கலைக் கழகம் முன்வந்தது 1948-இல்தான் என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். நியூட்டன் நடந்த மண்ணுக்கும் அவ்வளவு காலம் பிடித்தது!

கிங்ஸ் கல்லூரியிலே, ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் பொதுவான உணவுக்கூடம் இருந்தது உண்மை. ஆனால், ஆடவர் மட்டுமே நுழையலாம் என்ற பொது அறை ஒன்றும் இருந்தது. உண்ட பின் ஓய்ந்து அமர்ந்து, என்ன கண்டாய், என்ன எண்ணுகிறாய் என்று அறிஞர் தமக்குள் பேசிக்கொள்ளும் அறை. அந்தக் கதவு பிராங்க்ளினுக்குத் திறவாது. கல்வி உண்டு, கருவி உண்டு, கைத்திறன் உண்டு. கதவு மட்டும் இல்லை!

1952-ஆம் ஆண்டு மே திங்களிலே, அவருடன் பணியாற்றிய ரேமண்ட் கோஸ்லிங் என்னும் மாணவர், டி.என்.ஏ. இழையின் புகழ்பெற்ற எக்ஸ் கதிர்ப் படத்தை எடுத்தார். அப்படம் 1953 சனவரியிலே, பிராங்க்ளினுக்குத் தெரியாமலே, கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஜேம்ஸ் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. அவ்வாண்டிலேயே வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் இரட்டைச் சுருளை உலகுக்கு அறிவித்தனர். 1958-இல், முப்பத்தேழு வயதிலே, பிராங்க்ளின் மறைந்தார். 1962-இல் நோபல் பரிசு மூன்று ஆடவர்க்குச் சென்றது.

ஓர் அறையின் கதவுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நாம் கூறவில்லை. மனக்கசப்பு இருந்தது, பொறுப்பைப் பிரித்துக் கொடுத்ததிலே குழப்பம் இருந்தது. ஆயினும் கேட்கிறோம்: ஒரே பொருளை ஆய்ந்த இருவர், நாள்தோறும் ஒரே மேசையிலே அமர்ந்து தேநீர் அருந்தியிருப்பின், அந்தக் கசப்பு அவ்வளவு முற்றியிருக்குமா? சேரன்மாதேவி குருகுலத்திலே பிரித்துப் போட்ட பந்தியை எதிர்த்து 1920-களிலே கிளர்ந்த பெரியாரின் வழி வந்த நமக்கு, இக்கேள்வி புதிதன்று. எங்கே பந்தி பிரிகிறதோ, அங்கே அறிவும் பிரிகிறது. சாதியின் பெயரால் பிரித்தால் என்ன, பாலின் பெயரால் பிரித்தால் என்ன, பிரிவு பிரிவுதான்!

* * *

இலண்டனை விடுத்துக் கேம்பிரிட்ஜுக்கு வருவோம். அங்கே மாக்ஸ் பெரூட்ஸ் என்றோர் அறிஞர். வியன்னாவிலே யூதக் குடியிலே 1914-இல் பிறந்தவர். இனத்தின் பெயரால் மனிதரை வேட்டையாடிய இட்லரின் கொடுமையால் தாய்நாட்டுக்குத் திரும்ப இயலாமற் போனவர். புகலளித்த பிரிட்டனும் 1940-இல் அவரைப் பகைநாட்டார் என்று பிடித்துக் காவலில் வைத்துக் கனடாவுக்குக் கப்பலேற்றிற்று! மீண்டு வந்து, குருதிச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினின் அமைப்பைக் காணும் முயற்சியிலே ஆண்டுக் கணக்காக ஆழ்ந்தார்.

அவருடைய குழுவுக்கு 1947-இல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரவு தந்தது. காவென்டிஷ் இயற்பியற் கூடத்திலே இடம் கிடைத்தது. இயற்பியலார் வீட்டிலே உயிரியலார் ஒண்டுக்குடி! குழு வளர்ந்தது, இடம் வளரவில்லை. 1957-இல், முற்றத்திலிருந்த ஒற்றைமாடிக் கொட்டகை ஒன்று கிடைத்தது. குடில் என்றே அதற்குப் பெயர். அக்குடிலிலே கிரிக் இருந்தார். தென் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சிட்னி பிரென்னர் இருந்தார். வாழ்வின் எழுத்துமுறை எது, மரபுச் செய்தி எவ்வாறு புரதமாகிறது என்ற மாபெருங் கேள்விகள் அங்கே அலசப்பட்டன. நெருக்கடிதான். ஆனால் நெருக்கத்திலே ஒரு நன்மை இருந்தது. ஒருவர் எண்ணியது மற்றவர் காதிலே விழாமற் போகாது!

1962-இல் மூலக்கூற்று உயிரியல் ஆய்வகம் என்ற பெயரோடு புதிய கட்டிடம், நகரின் ஓரத்திலே, மருத்துவமனை வளாகத்தை ஒட்டித் திறக்கப்பட்டது. அதிலே பெரூட்ஸ் வற்புறுத்திக் கேட்டுப் பெற்றது என்ன தெரியுமா? தமக்கென்று தனி மாளிகையா? தலைவர்க்கென்று தனி வாயிலா? அன்று, அன்று. உணவுக்கூடம்! காலையிலே காப்பி, நண்பகலிலே சோறு, மாலையிலே தேநீர் - மூன்று வேளையும் எல்லோரும் கூடும் இடம். அவருடைய துணைவியார் கிசெலா, இருபது ஆண்டுக்கும் மேலாக அதனை நடத்தினார். நேற்றுச் சேர்ந்த மாணவரும் நோபல் பரிசு பெற்றவரும் ஒரே மேசையிலே அமர்ந்தனர். விலையுயர்ந்த கருவிகள் இவருடையது அவருடையது என்று பூட்டி வைக்கப்படாமல் பொதுவாகப் பயன்பட்டன. பெரூட்ஸ், இயக்குநர் என்ற பட்டத்தை ஏற்காமல், அவையின் தலைவர் என்ற பெயரோடே 1979 வரை பணி புரிந்தார்.

அடுக்களையிலே தொடங்கிய அந்தச் சமத்துவத்தின் விளைவு என்ன? பத்துக்கும் மேற்பட்ட நோபல் பரிசுகள் அந்த ஆய்வகத்தோரைத் தேடி வந்தன. உணவுக்கூடத்தினால்தான் வந்தன என்று கூறின் அது மிகை. உணவுக்கூடம் இன்றியே வந்திருக்கும் என்று கூறின், அதைப் பெரூட்ஸே ஒப்பியிருக்க மாட்டார்.

* * *

அதே காலம். கடலுக்கு அப்பால் அமெரிக்கா. பிலடெல்பியா நகரிலே பென்சில்வேனியா பல்கலைக் கழகம். மருத்துவ ஆராய்ச்சிக்கெனப் புதிய கட்டிடம் வேண்டுமென்று 1957-இல் அப்பல்கலைக் கழகம் லூயி கான் என்னும் கட்டிடக் கலைஞரை அணுகிற்று.

யார் இந்தக் கான்? எஸ்தோனியா நாட்டிலிருந்து 1906-இல் பிழைப்பு நாடி வந்த ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளை. சிறு வயதிலே கனன்ற கரி சுட்ட வடு முகத்திலே. ஊமைப்படக் கொட்டகையிலே பியானோ வாசித்துக் காசு சேர்த்துப் படித்தவர். அறுபதை எட்டும் வயதிலேதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. பார்க்க வைத்தது இந்தக் கட்டிடம்.

அதுவரை கட்டிடக் கலைஞர்கள் குழாயையும் குழலையும் ஒளித்தே வைத்தனர். வீட்டு முன்புறத்திலே பளிங்கு. பின்புறச் சந்திலே கழிவு. கான் அதனைத் தலைகீழாக்கினார். கட்டிடத்திலே பணி பெறும் இடம் ஒன்று, பணி செய்யும் இடம் மற்றொன்று. இரண்டும் தெளிவாகத் தெரியட்டும், இரண்டுக்கும் உரிய உருவம் கிடைக்கட்டும் என்றார். எட்டு மாடி கொண்ட மூன்று ஆய்வுக் கோபுரங்கள். அவற்றின் நடுவே பணிக் கோபுரம். ஆய்வுக் கோபுரங்களின் பக்கத்திலே செங்கல்லால் எழும்பிய உயர்ந்த தண்டுகள். படிக்கட்டு ஏறுவதும் கெட்ட காற்று வெளியேறுவதும் அவற்றின் வழியே. தூய காற்று தாழ்வான துளைகளின் வழியே மூக்கிலே புகுவது போலப் புகும், கெட்ட காற்று உச்சியிலே போகும், இரண்டும் கலக்கலாகாது. ஆகஸ்ட் கொமெண்டாண்ட் என்னும் பொறியாளர் துணை நின்றார். காங்கிரீட் உறுப்புகளைத் தொழிற்சாலையிலே வார்த்துக் கொணர்ந்து, பாரந்தூக்கியால் தூக்கிப் பொருத்தி, இழுவிசைக் கம்பியால் இறுக்கினர்.

குழாயின்மேல் கொண்ட காதலால் கான் இதனைச் செய்தாரா? இல்லை. குழாயைத் தாம் வெறுப்பதாகவே அவர் கூறியிருக்கிறார். வெறுக்கிறோம் என்பதற்காக இடம் தர மறுத்தால் அவை கட்டிடத்தையே படையெடுத்து அழித்துவிடும், ஆகவே உரிய இடத்தை ஒதுக்கித்தான் ஆகவேண்டும் என்பது அவர் கருத்து. இதிலே ஆழ்ந்த உண்மை உளது. பணி செய்வோர்க்கு இடமளிப்பது பரிவு அன்று, பிச்சை அன்று; அவரின்றி எதுவும் இயங்காது என்ற கணக்கு! அந்தக் கணக்கை நம் நாட்டுச் சாத்திரக்காரர்கள் என்றாவது போட்டதுண்டா? ஊரைச் சுத்தம் செய்தவனை ஊருக்குப் புறம்பே வைத்தார்களே, அந்த ஊர்த் திட்டம் எத்தகைய திட்டம்!

1960-இல் ஆய்வுக் கோபுரங்கள் திறந்தன. புகழ்மாரி பொழிந்தது. 1961-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம், இந்த ஒரு கட்டிடத்துக்கென்றே கண்காட்சி நடத்திற்று. பார்த்தோர் வியந்தனர், படமெடுத்தோர் மகிழ்ந்தனர்.

உள்ளே இருந்தவர்கள்? அவர்கள் முணுமுணுத்தனர்! பெரிய கண்ணாடிச் சாளரங்களின் வழியே கதிரவன் உள்ளே புகுந்து கண்ணைக் கூசச் செய்தான். வெப்பம் மிகுந்தது. அறிஞர்கள் சாளரத்திலே தாளையும் உலோகத் தகட்டுத் தாளையும் ஒட்டிக் கொண்டனர். தலைக்குமேல் திறந்தவாறு ஓடிய குழாய்களின்மேல் தூசி படிந்தது. தூய்மையே உயிராகக் கொண்ட ஆய்வின்மேல் அது விழுந்தது. திறந்த பெருங்கூடம் வேண்டுமென்று கலைஞர் எண்ணினார்; தடுப்பு வேண்டுமென்று ஆய்வோர் எண்ணினர். செலவைக் குறைக்கும் பொருட்டுச் செய்த வெட்டுகளும் தொல்லையைக் கூட்டின. சுருங்கக் கூறின், புறத்தார் புகழ்ந்த கட்டிடத்தை அகத்தார் பொறுத்துக் கொண்டனர். பிற்காலத்திலே, 2009-இல், தேசிய வரலாற்றுச் சின்னமென்ற சிறப்பு அதற்குக் கிட்டிற்று. எனினும் சின்னத்துக்குச் சூட்டிய மாலை, சாளரத்திலே ஒட்டிய தாளை மறைக்காது.

மேதைதான், தவறினார். ஏன்? வடிவத்தைப் பற்றி ஆழ்ந்து எண்ணியவர், அங்கே நாள் முழுதும் குனிந்து நின்று வேலை செய்வோரின் கண்ணைப் பற்றிப் போதிய அளவு கேட்டறியவில்லை.

* * *

இங்கேதான் வரலாறு சுவை பெறுகிறது. தவறு நேர்ந்துவிட்டது. வைதீகன் என் செய்வான்? தவறு கட்டிடத்திலே இல்லை, குடியிருந்தவனின் கிரகத்திலே என்பான்! பரிகாரம் சொல்வான், தட்சிணை கேட்பான். பகுத்தறிவாளன் என் செய்வான்? அடுத்த கட்டிடத்தைத் திருத்திக் கட்டுவான்.

1959 முடிவிலே ஜோனாஸ் சால்க் கானைப் பார்க்க வந்தார். சால்க்கை அறியாதார் யார்? இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பூசி கண்டவர். 1955 ஏப்ரல் 12-ஆம் நாள் அந்த ஊசி பயன் தருவதாக அறிவிக்கப்பட்டபோது அமெரிக்கப் பெற்றோர் கண்ணீர் பெருக மகிழ்ந்தனர். தையல் தொழில் செய்து பிழைத்த குடும்பத்தின் மகன் அவர். அந்தத் தடுப்பூசிக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. அந்த ஆராய்ச்சிக்குப் பணம் வந்ததும் கோடீசுவரர் பெட்டியிலிருந்து மட்டும் அன்று. பத்து சென்ட் காசாகச் சேர்த்து அனுப்பிய கோடானுகோடி எளிய மக்களின் கையிலிருந்து. மக்கள் காசிலே பிறந்தது மக்களுக்கே சேர்ந்தது.

கலிபோர்னியாவிலே, லா ஹோயா என்னும் கடற்கரை மேட்டில், சான் டியேகோ நகரமே நிலம் தந்தது. 1960-இல் நகர மக்கள் வாக்களித்து அதற்கு இசைந்தனர். பக்கத்திலே கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் புதிய வளாகம் எழும்பவிருந்தது. விஞ்ஞானிகள் மட்டுமன்று, ஓவியர் பிக்காசோவையும் அழைத்து வரத் தக்க இடமாக அது அமைய வேண்டும் என்பது சால்க்கின் ஆசை.

கான் வரைந்து கொடுத்தார். நான்கு ஆய்வுக் கட்டிடங்கள், அவற்றிடையே இரண்டு முற்றங்கள். எல்லாம் முடிவாகும் வேளையிலே, 1962-இல், சால்க்கின் மனம் ஒப்பவில்லை. இரண்டு முற்றம் எதற்கு? இரண்டு முற்றமென்றால் இரண்டு கூட்டம் ஆகிவிடாதா? மீண்டும் வரையுங்கள் என்றார். கான் சினந்தாரா? சிந்தித்தார். இரண்டே நீண்ட கட்டிடங்கள், நடுவே ஒரே முற்றம் என்று மாற்றினார். பின்னொரு நாள் கூறும்போது இதுவே சிறந்தது என்று உலகம் ஒப்பிற்று.

பிலடெல்பியாவில் பெற்ற பாடத்தை இங்கே பாருங்கள். அங்கே குழாய்கள் தலைக்குமேல் திறந்து தூசி சேர்த்தன அல்லவா? இங்கே ஒவ்வோர் ஆய்வு மாடிக்கும் மேலே, குழாய்களுக்கென்றே ஆள் நிமிர்ந்து நடக்கத்தக்க தனி மாடி! ஆய்வுக்கு மூன்று தளம், குழாய்க்கு மூன்று தளம். குழாயைப் பழுது பார்ப்போர் மேலே நடமாடலாம். கீழே ஆய்வு தடைப்படாது. அங்கே இடம் போதவில்லை அல்லவா? இங்கே 245 அடி நீளமும் 65 அடி அகலமும் உள்ள கூடம், நடுவிலே ஒரு தூணும் இல்லாமல். இன்று ஒரு கருவி, நாளை வேறொரு கருவி; சுவரை மாற்றிக் கொள்ளலாம், கட்டிடத்தை இடிக்க வேண்டியதில்லை. தனித்து எண்ண விழைவோர்க்கு, ஆய்வுக்கூடத்தை விட்டு விலகிக் கடலை நோக்கிய சிற்றறைகள் முப்பத்தாறு. கூடி ஆய்வதற்கும் இடம், தனித்து எண்ணுவதற்கும் இடம்!

1965-இல் கட்டிடம் முடிந்தது. இன்றும் அங்கே ஆய்வு நடைபெறுகிறது. 1960-இல் இல்லாத கருவிகள், கனவிலும் காணாத கருவிகள் எல்லாம் அந்தக் கூடத்திலே புகுந்து இடம் பிடித்திருக்கின்றன. எதிர்காலத்தை அறிந்து கட்டியதாலா? அன்று. எதிர்காலத்தை அறிய இயலாது என்பதை ஒப்புக்கொண்டு கட்டியதால்! சோதிடத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள வேற்றுமை இந்த ஒரு வரியிலே அடங்கும்.

* * *

இந்த வரலாற்றிலே தமிழகத்துக்குப் பங்கு உண்டா? உண்டு. பெருமைக்குரிய பங்கு.

சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை இருந்தவர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஆர்க்காடு இராமசாமி முதலியாரின் இரட்டைப் பிறவி. 1952-இல் ஜி. என். இராமச்சந்திரன் என்னும் முப்பது வயது இளைஞரைக் கிண்டி வளாகத்திலே இயற்பியல் பேராசிரியராக அமர்த்தினர். அவ்வாண்டிலே சென்னைக்கு வந்த பெர்னால் என்னும் பிரிட்டிஷ் அறிஞர், கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று கூறிச் சென்றார். பாலூட்டிகளின் உடலிலுள்ள புரதத்திலே கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை கொல்லாஜனே. தோலும் நாணும் எலும்பும் அதனாலேயே உறுதி பெறுகின்றன.

மாதிரிக்கு எங்கே போவது? அயல்நாட்டுக்கு எழுத வேண்டியதில்லை. அடுத்த மனையிலேயே இருந்தது மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம்! 1948-இல் தோன்றிய நிலையம். அங்கிருந்து மாதிரி வந்தது. கங்காரு வாலின் நாணும் ஆய்வுக்கு உள்ளாயிற்று. 1954-இல், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, மூன்று இழை முறுக்கிய சுருளே கொல்லாஜன் என்று இராமச்சந்திரன் அறிவித்தார். கேம்பிரிட்ஜின் கிரிக்கும் அவருடைய தோழர் ரிச்சும் விவரங்களிலே மாறுபட்டு எழுதினர், வாதம் நடந்தது, திருத்தம் நேர்ந்தது, மூவிழை என்ற அடிப்படை நிலைத்தது. இன்று அத்தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கமொன்று மூவிழைச் சுருள் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தோழர்களே! தோல் - நம் நாட்டுச் சாத்திரம் எதனைத் தீட்டு என்றதோ, எந்தத் தொழிலைத் தொட்டவனை ஊருக்கு வெளியே தள்ளிற்றோ, அதே தோல். அந்தத் தோலை ஆய்வோரும் இயற்பியல் அறிஞரும் வேலியோரத்து அண்டை வீட்டாராக இருந்ததால், உடலின் மாபெரும் புரதம் தன் மறைபொருளை வெளியிட்டது. தீட்டு என்று ஒதுங்கியிருந்தால்? வேலி மதிலாகியிருந்தால்? கொல்லாஜனின் புகழ் வேறொரு நகருக்குச் சென்றிருக்கும்!

* * *

கேம்பிரிட்ஜிலே பெரூட்ஸ் கட்டிய கூடம் காலப்போக்கிலே நெருக்கடிக்குள்ளாயிற்று. 2013-இல் அருகிலேயே புதிய கட்டிடம் திறந்தனர். செலவு 21 கோடியே 20 இலட்சம் பவுன். அதிலே ஒரு பகுதி, அந்த ஆய்வகத்தார் நோயெதிர்ப் பொருளிலே நடத்திய ஆய்வினால் வந்த உரிமத் தொகை. பழைய கூடத்திலே பிறந்த அறிவு, புதிய கூடத்துக்குச் செங்கல் வாங்கிற்று! இரண்டு நீண்ட பகுதிகள் இடையிலே இணைந்து, உயிரணுவிலுள்ள இணை நிறப்புரியை நினைவூட்டும் வடிவம். அதிர்வு தரும் பெரும் எந்திரங்களைத் தனிக் கட்டிடத்துக்கு அகற்றினர். குழாய்களுக்குத் தளங்களிடையே தனி இடம். கட்டிடத்தின் புறத்தே பணிக் கோபுரங்கள். லா ஹோயாவும் பிலடெல்பியாவும் கற்பித்த பாடங்கள் அங்கே கூடி நிற்கின்றன. உணவுக்கூடமும் மறக்கப்படவில்லை.

இவ்வளவும் பார்த்த பின், நம் நாட்டிலே நாளை எழவிருக்கும் ஆய்வுக்கூடங்களைப் பற்றி நாம் சில கேள்விகளை எழுப்புவோம்.

வரைபடம் வரையு முன், அங்கே வேலை செய்யப் போகிறவரைக் கேட்டீர்களா? பேராசிரியரை மட்டுமன்று, குடுவை கழுவுபவரை, விலங்குகளைப் பேணுபவரை, கழிவு அகற்றுபவரைக் கேட்டீர்களா? கிருமிக் கழிவை வெறுங்கையால் தூக்கும்படி ஒரு மனிதனை விடுகிற கூடம், எத்துணை உயர்ந்த ஆய்வு நடத்தினும் அறிவியற் கூடமாகுமா? நள்ளிரவு வரை ஆய்வு செய்யும் பெண்ணுக்கு அச்சமின்றி ஓய்வெடுக்க அறை உண்டா? அவருடைய மாடியிலே அவருக்குக் கழிவறை உண்டா, அல்லது இரண்டு மாடி இறங்கிப் போக வேண்டுமா? தேநீர் அருந்தும் மேசை ஒன்றா, பலவா? முதல் தலைமுறையாகப் படித்து வந்த மாணவர் அந்த மேசையிலே தயக்கமின்றி அமர்வாரா? நீ எந்த ஊர், எந்தத் தெரு என்று சுற்றி வளைத்துச் சாதியைத் துழாவும் குரல் அங்கே கேட்குமா, கேட்காதா?

இக்கேள்விகளுக்கு விடை கூறாமல் குழியிலே பால் ஊற்றிப் பயனில்லை. விடை கூறிவிட்டாலோ, பால் ஊற்ற வேண்டிய தேவையே இல்லை. அந்தப் பாலை உணவுக்கூடத்துத் தேநீருக்கு அனுப்பலாம்!

கான் தவறினார், திருத்திக் கொண்டார். சால்க் இசைந்தார், மீண்டும் எண்ணி மறுத்தார். பெரூட்ஸ் நாடிழந்தார், எல்லோர்க்குமான மேசையைப் போட்டார். பிராங்க்ளினுக்குக் கதவு மூடியிருந்தது. அந்த மூடிய கதவு இன்றும் நம்மை உறுத்துகிறது. உறுத்த வேண்டும். இவர்களில் எவரும் ஈசானிய மூலையைத் தேடவில்லை. தேடியது ஒன்றே: இங்கே வேலை செய்யும் மனிதருக்கு என்ன தேவை?

பல்கலைக் கழகத்திலே படிக்கும் இளைஞனே! உன் வளாகத்திலே அடுத்த கால்கோள் விழா நடைபெறும் நாளிலே, பந்தலுக்கு அருகே போ. வரைபடத்தைக் காட்டச் சொல். காற்று எந்த வழியே வருகிறது, எந்த வழியே போகிறது என்று கேள். பிறகு, மனிதர் எந்த வழியே வருவர், எல்லோர்க்கும் ஒரே வழிதானா என்று கேள். நீ கேட்கும் அந்தக் கேள்விதான் அக்கூடத்தின் முதற் கல்!